புயலுக்கு முதல் கயிறும் வாளியும் பாருங்கோ: கரண்ட் இல்லாத மாரி நாளையளை சமாளிக்கிறது

2024 நவம்பர் கடைசியில ஃபெங்கல் புயல் எங்கட யாழ்ப்பாணக் கரையோரமாப் போகேக்க ஒரு ராத்திரி 2 மணி போல கரண்ட் போச்சுது. நானும் ரோச்சை அடிச்சு பிள்ளையள் நனையாமல் படுத்திருக்கினமோ எண்டு பாத்துப்போட்டு, விடிய வந்திடும்தானே எண்டு படுத்திட்டன். விடிய எழும்பி பைப்பைத் திறந்தா கொஞ்சம் காத்து வந்து நிண்டிட்டுது, டாங்கி வெறுமை. கிணத்தை எட்டிப் பாத்தா தண்ணி மேல் கட்டுக்கு கிட்ட வந்து நிக்குது, ஆனா அதை அள்ள எங்கட வீட்டில ஒரு சாமானும் இல்லை. துலாவைக் கழட்டி எத்தினையோ வருசம், கப்பி இரும்புக்காரனுக்கு போட்டுது, கயிறு மாடு கட்ட எடுத்தாச்சு, கிணத்துக்கு மேல நெற் போட்டு இறுக்கிக் கட்டிக் கிடக்கு. கிணறு நிறையத் தண்ணிய வைச்சுக்கொண்டு அண்டைக்கு 82 வயது அம்மாவுக்கு முகம் கழுவ பக்கத்து வீட்டில ஒரு வாளி கேட்டு வாங்கினன்.

அதுதான் இதை எழுதுறன். புயல் எண்ட உடன எல்லாரும் மெழுகுதிரியும் பற்றறியும் பாணும் வாங்க ஓடுகினம், ஆனா இண்டைக்கு எங்கட ஊரில கரண்ட் போனா முதல்ல இல்லாமல் போறது வெளிச்சம் இல்லை, தண்ணி. 90ஆம் ஆண்டு சண்டை தொடங்கினாப்பிறகு வருசக்கணக்கா கரண்டே இல்லாமல் இஞ்ச சனம் சீவிச்சது, அப்ப கரண்ட் இல்லை எண்டு தண்ணிக்கு கஸ்டம் வரேல்லை, ஏனெண்டா துலாவும் வாளியும் இருந்தது. இப்ப மோட்டர் நிண்டா குளிப்பு, சமையல், கக்கூஸ் எல்லாம் சேர்ந்து நிக்குது.

அதால ஐப்பசி பிறக்க முதலே செய்ய வேண்டியது, ஒரு நல்ல நைலோன் கயிறு, கிணத்தின்ர அடிமட்டத்துக்கு எட்டுற நீளத்துக்கும் ரெண்டு முழம் கூட வாங்கி, ஒரு இரும்பு வாளியோட கட்டி வைச்சிடுங்கோ. பிளாஸ்ரிக் வாளி தண்ணியில சரியாமல் மிதக்கும், பிடியும் கழண்டு வந்திடும், இரும்பு வாளியே நல்லது. கப்பி கிடைச்சா இன்னும் சுகம், கப்பி இல்லையெண்டா ஆரும் வயசு போன ஆக்களை அள்ள விடாதேங்கோ, மழையில கிணத்துக் கட்டு பாசி பிடிச்சு வழுக்கும். நெற்றை ஒரு பக்கம் திறந்து மூடுற மாதிரி கட்டுங்கோ, அள்ளி முடிஞ்ச உடன மூடுங்கோ, மழை நேரம் தண்ணி மேல நிக்கேக்க சின்னப் பிள்ளையள் எட்டிப் பாக்கப் போவினம், எனக்கு இதுதான் பெரிய பயம்.

புயல் வருது எண்டு வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிச்ச அண்டே டாங்கிய நிரப்புங்கோ. வெறும் டாங்கி காத்துக்கு தூக்குப்பட்டுப் போகும், நிரம்பின டாங்கி நிக்கும், அதால இது ரெண்டு வேலைக்கும் உதவும். குடிக்கிற தண்ணி வேறயா, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க 3 லீற்றர், சமையலோட 5 லீற்றர் எண்டு கணக்குப் போட்டு 3 நாளைக்கு கான்களிலயும் குடங்களிலயும் பிடிச்சு மூடி வையுங்கோ. கக்கூசுக்கு ஊத்த, ஏனம் கழுவ எல்லாம் மழைத்தண்ணி போதும், பீலிக்கு கீழ பெரிய பாத்திரம் வைச்சா ஒரு மணித்தியாலத்தில நிரம்பும், முதல் பெய்யிற மழையில கூரைக் குப்பை எல்லாம் வரும், அதை விட்டுட்டு பிறகு பிடியுங்கோ.

கிணத்துத் தண்ணி விசயத்தில கொஞ்சம் நிண்டு சொல்லோணும். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், மேல விழுற தண்ணி வெடிப்புகளுக்கால கெதியாக் கீழ போயிடும், மலசலகூடக் குழியும் அதே நிலத்துக்குள்ளதான் கிடக்கு, காணி சின்னன் சின்னனாப் பிரிபட்டதில கன வீடுகளில கிணத்துக்கும் குழிக்கும் இடைவெளி காணாது. வெள்ளம் நிக்கேக்க அந்தக் குழியும் நிரம்பி கிணத்தோட சேரும். தண்ணி பாக்க கண்ணாடி மாதிரி இருந்தாலும் நம்பக்கூடாது. வெள்ளைத் துணியால வடிச்சு, தளதளவெண்டு கொதிக்க விட்டு, கொதி வந்து ஒரு நிமிசம் ஆவது நிண்டாப்பிறகு இறக்கி, மூடி வைச்சு ஆறவிட்டுக் குடியுங்கோ. சுடவைச்ச தண்ணிக்குள்ள திரும்ப பச்சைத் தண்ணி கலக்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு, சூட்டை ஆத்துறதுக்காம். அப்பிடிச் செய்தா கொதிக்க வைச்சதுக்கே அர்த்தம் இல்லை.

வெள்ளம் கிணத்துக்குள்ளயே பாஞ்சிட்டுது எண்டா, உடன வாடகைக்கு மிசின் பிடிச்சு ஒட்ட இறைக்கிற வேலை செய்யாதேங்கோ. சுத்திவர நிலம் தண்ணியில ஊறிப்போய் நிக்கேக்க உள்ளுக்கை தண்ணி இல்லாமல் போனா வெளி அழுத்தத்தில கட்டு இடிஞ்சு விழும். வெள்ளம் வடிஞ்சு நிலம் கொஞ்சம் இறுகட்டும், பிறகு இறைச்சுப்போட்டு பி.எச்.ஐ.யிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட) சொல்லி குளோரின் போடுவியுங்கோ. கிணத்தின்ர அகலம் ஆழம் பாத்துத்தான் அளவு கணக்குப் பண்ணுறது, அவையள்தான் அதைச் செய்யோணும், கடையில வாங்கி கைக்கு வந்த அளவு கொட்டுற வேலை வேண்டாம்.

இனி கரண்ட். காத்து தொடங்கின உடன ரீவி, பிறிஜ், மோட்டர், ரவுட்டர் எல்லாத்தின்ர பிளக்கையும் கழட்டுங்கோ, போன கரண்ட் திரும்ப வரேக்க கூடிக் குறைஞ்சு வந்துதான் கன சாமான் எரியிறது. வீட்டுக்குள்ள தண்ணி வரப்போகுது எண்டு தெரிஞ்சா, கால் நனைய முதல் மெயின் சுவிச்சை நிப்பாட்டுங்கோ, தண்ணிக்குள்ள நிண்டுகொண்டு அதில கை வைக்காதேங்கோ. றோட்டில வயர் அறுந்து கிடந்தா கரண்ட் இல்லாத நேரம்தானே எண்டு தாண்டிப் போக வேண்டாம், எந்த நிமிசமும் விடுவினம், இல்லாட்டி ஆரும் வீட்டில ஜெனரேற்றர் போட்டா அந்தக் கரண்ட் லைனுக்குள்ளால திரும்பி வரும். அதைவிட மோசம் தகர வேலியும் கம்பி வேலியும். வயர் எங்கயோ ஒரு மூலையில வேலியில விழுந்து கிடக்கும், நீங்கள் 50 யார் தள்ளி நிண்டு படலையைத் திறக்கேக்க அடிக்கும். வயர் விழுந்து கிடக்கிற ஒழுங்கையில ஒருத்தரும் வேலியத் தொடக்கூடாது எண்டு பிள்ளையளுக்கு சொல்லி வையுங்கோ, மின்சார சபைக்கு 1987 அடிச்சு இடத்தைச் சொல்லுங்கோ.

சோலர் போட்ட ஆக்களுக்கு ஒரு விசயம். கூரையில பனல் கிடக்கு, எங்களுக்கென்ன எண்டு கனபேர் நினைச்சுக்கொண்டு இருக்கினம். பற்றறி இல்லாமல் லைனோட மட்டும் கொழுவின சோலர், லைனில கரண்ட் போன உடன தானும் நிண்டிடும், லைனில வேலை செய்யிற ஆக்களுக்கு அடிக்கக்கூடாது எண்டு அப்பிடித்தான் செய்து வைச்சிருக்கு. உங்கட வீட்டில எந்த மாதிரி பூட்டினது எண்டு வெய்யில் நாளிலயே பூட்டின ஆளிட்ட கேட்டு வையுங்கோ.

போனுக்கு பவர் பாங்க் முதலே நிரப்பி வையுங்கோ, அது முடிஞ்சா காரிலயோ ஓட்டோவிலயோ சார்ஜ் போடலாம். வீடியோ எடுத்து அனுப்புறது, வாட்சப்பில வாற எல்லாத்தையும் திறந்து பாக்கிறது, இதுகளிலதான் பற்றறி இறங்குது. வெளிச்சத்துக்கு சார்ஜ் பண்ணுற எல்.ஈ.டி. லைற் ரெண்டு இருந்தா காணும். எங்கட காலத்தில ஜாம் போத்தலுக்கு அடியில பஞ்சு வைச்சு கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரியை கம்பியில நிப்பாட்டி கொளுத்தி அதில படிச்சு சோதினை எடுத்தனாங்கள், போத்தலுக்குள்ள எரியிறதால காத்துக்கு நூராது, மண்ணெண்ணெயும் கொஞ்சமாத்தான் குடிக்கும். இப்பவும் அவசரத்துக்கு அது உதவும், ஆனா நுளம்பு வலைக்கு கிட்ட, நித்திரை கொள்ளுற அறைக்குள்ள ஒரு திரி விளக்கும் வேண்டாம்.

2013 டிசம்பர் 21, 22 கனடாவில ரொறன்ரோவில ஐஸ் மழை பெய்தது ஞாபகம் இருக்கும். மழை தண்ணியாத்தான் விழும், விழுந்து தொட்ட இடத்தில ஐஸா உறைஞ்சிடும், அந்தப் பாரத்தில மரக்கொப்புகளும் வயருகளும் முறிஞ்சு விழுந்து ஒரு 3 லட்சம் இணைப்புகளுக்கு கரண்ட் போனது. ஸ்காபரோவில இருக்கிற எங்கட தங்கச்சி வீட்டிலயும் நத்தாருக்கு கரண்ட் இல்லை, ஹீற்றர் கேஸில ஓடுறதுதான், ஆனா சூட்டை ஊதுற ஃபான் கரண்டில ஓடுறது எண்டபடியா வீடே குளிர்ந்து போச்சாம். அவள் போன் எடுத்து "அக்கா ஜாம் போத்தல் விளக்கு எப்பிடிச் செய்யிறனாங்கள், மறந்துபோனன்" எண்டு கேட்டது எனக்கு இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது. அங்க அந்தக் கிழமை நெருப்பு அணைக்கிற ஆக்கள் சனத்துக்கு திருப்பித் திருப்பிச் சொன்னது ஒண்டுதான், கரி அடுப்பையும் ஜெனரேற்றரையும் வீட்டுக்குள்ள கொண்டு வராதேங்கோ எண்டு. அந்தப் புகையில இருக்கிற கார்பன் மொனொக்சைட் மணமும் இல்லை, கண்ணுக்கும் தெரியாது, தலை இடிச்சு சத்தி வாற மாதிரி இருக்கும், படுத்த ஆள் எழும்பாது. எங்களுக்கு இது பொருந்தாது எண்டு நினையாதேங்கோ. முந்தின குசினிக்கு புகைக்கூடு இருந்தது, கிடுகுக்குள்ளால காத்து வந்தது. இப்ப கட்டுற வீடு யன்னல் எல்லாம் கண்ணாடி போட்டு இறுக்கினது, மழைச் சாரலுக்கு கதவையும் பூட்டிப்போட்டு உள்ளுக்கை கரி போட்டு எரிச்சா அதே ஆபத்துதான். ஜெனரேற்றர் விறாந்தையிலயும் வேண்டாம், வீட்டை விட்டு தள்ளி, யன்னலுக்கு எதிரா இல்லாமல், மேல தகரம் பிடிச்சு வையுங்கோ.

அங்க அவை இறைச்சியையும் பாலையும் வெளியில ஸ்னோவுக்குள்ள வைச்சு எடுத்தவை, எங்களுக்கு அந்த வசதி இல்லை. பிறிஜைத் திறக்காமல் வைச்சா 4 மணித்தியாலம் குளிர் நிக்கும், ஐஸ் பெட்டி நிரம்பி இருந்தா 2 நாள் மட்டும் தாங்கும், அரைவாசி எண்டா ஒரு நாள். அதால மீன் இறைச்சி கிடந்தா முதல் நாளே சமைச்சு முடியுங்கோ, மிச்சத்தை வறுத்து பிரட்டல் மாதிரி வைச்சா அடுத்த நாளைக்கும் காணும்.

சமையலுக்கு கேஸ் ஒரு சிலிண்டர் கூட இருந்தா நல்லது, ஆனா 2022இல கேஸ் வரிசையில நிண்ட ஆக்களுக்கு அதை மட்டும் நம்ப ஏலாது எண்டு தெரியும். புரட்டாதியிலயே ஊமல் (காய்ஞ்ச பனங்கொட்டைக் கோது), பொச்சுமட்டை, சிரட்டை, காய்ஞ்ச பாளை ஒரு சாக்கில கட்டி உள்ளுக்கு வையுங்கோ, ஊமல் மாதிரி நிண்டு எரியிற விறகு இல்லை, சிரட்டை நெருப்பு மூட்ட நல்லது. கடைச் சாமானில பருப்பு, கருவாடு, வெங்காயம், மா, சீனி, தேயிலை, பால்மா, உப்பு. மற்றது வீட்டில பனங்கிழங்கில செய்த போன வருசத்து ஒடியல் மாவும் புழுக்கொடியலும் கிடந்தா அதுக்கு மேல ஒண்டும் இல்லை. புழுக்கொடியல் அவிச்சுக் காயவைச்சது, அடுப்பே வேண்டாம், தேங்காய்ச் சொட்டோட கடிச்சா ஒரு நேரம் போயிடும். ஒடியல் மாவை தண்ணியில ஊறவிட்டு பிழிஞ்சு கைப்பை எடுத்துப்போட்டு பிட்டு அவியுங்கோ, சரியான பசி தாங்கும். குரக்கன் மாவும் அப்பிடித்தான். ராத்திரி மிஞ்சின சோத்துக்கு தண்ணி ஊத்தி வைச்சா விடிய பழஞ்சோறு, வெங்காயமும் மோர் மிளகாயும் காணும். ஏனங்கள் கனக்க ஊத்தையாக்காத சமையலா செய்யுங்கோ, கழுவத் தண்ணி அள்ள வேண்டியது நீங்கள்தானே.

காத்து அடிக்கிற நேரம் வீட்டுக்குள்ள இருங்கோ, அவ்வளவுதான். காத்துக்கு முதல்ல முறியிறது முருங்கைதான், கூரைக்கு மேல தொங்குற வேப்பங்கொப்பு, காய்ஞ்ச தென்னை எல்லாம் ஆவணியிலயே வெட்டியிருக்கோணும். ஓடு விலகினா மழைக்குள்ள ஏறாதேங்கோ, உள்ளால தறப்பாள் கட்டி கீழ வாளி வையுங்கோ. புயலின்ர கண் ஊருக்கு மேலால போனா காத்து திடீரெண்டு அடங்கும், முடிஞ்சுது எண்டு ஆக்கள் வெளியில வருவினம், கொஞ்ச நேரத்தில மற்றப் பக்கத்தால திரும்ப அடிக்கும், முதல் அடியில ஆட்டம் கண்ட மரமும் மதிலும் அப்பதான் விழும். மாடு ஆட்டை கட்டையில கட்டி விடாமல் கயிறைக் கழட்டி மேடான இடத்துக்கு விடுங்கோ.

காணி உறுதி, அடையாள அட்டை, பாங்க் புத்தகம், பிள்ளையளின்ர பிறப்புப் பத்திரம், மருந்துத் துண்டு எல்லாம் ஒரு பொலித்தீனில சுத்தி ஒரு பையில. இதை நான் சொல்லத் தேவையில்லை, எங்கட சனம் எத்தினை தரம் அந்தப் பையோட ஓடினது. ஆனா இப்ப 20 வயதுப் பிள்ளையளுக்கு அந்தப் பை எது எண்டு தெரியாது, காட்டி வையுங்கோ. நாவாந்துறை, குருநகர், பொம்மைவெளி, அராலி மாதிரி தாழ்ந்த பக்கம் இருக்கிற ஆக்கள் தண்ணி முழங்காலுக்கு வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிராமல் விதானையாரிட்ட (கிராம அலுவலரிட்ட) சொல்லி பள்ளிக்கூடத்துக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ வெளிச்சத்தோடயே போங்கோ. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, ரெண்டையும் போனில மட்டும் இல்லாமல் சுவரிலயும் எழுதி ஒட்டுங்கோ.

எனக்கு மனசுக்குள்ள கிடக்கிறது தனிய இருக்கிற வயசான ஆக்களைப் பற்றித்தான். எங்கட ஒழுங்கையிலயே 4 வீட்டில பிள்ளையள் எல்லாம் வெளியில, அப்பாவோ அம்மாவோ தனிய. கரண்ட் போனா அவையளுக்கு தண்ணி அள்ள ஏலாது, போனில சார்ஜ் இறங்கினா லண்டனில இருக்கிற மகன் பயந்து போய் 10 தரம் எடுப்பார், எடுக்க எடுக்க இருக்கிற சார்ஜும் போயிடும். பிள்ளையள் தூரத்தில இருக்கிற நீங்கள் இப்பவே பக்கத்து வீட்டு ஆளின்ர நம்பரை வாங்கி வையுங்கோ, காலைல ஒண்டு பின்னேரம் ஒண்டு எண்டு அவருக்கு எஸ்.எம்.எஸ். போடுங்கோ. ஊரில இருக்கிற நாங்கள் ஒரு வீட்டுக்கு ஒரு வீடு எண்டு பிரிச்சு, விடிய ஒரு வாளி தண்ணியும் ஒரு போத்தல் சுடுதண்ணியும் கொண்டுபோய்க் குடுத்து, முகத்தைப் பாத்திட்டு வருவம். குளிர் எண்டு அவை சொல்லமாட்டினம், நனைஞ்ச சீலையோடயே இருப்பினம், உடுப்பு மாத்தி காலுக்கு மேசு போட்டுவிட்டு இஞ்சி போட்ட பிளேன்ரீயோ மல்லித்தண்ணியோ குடுங்கோ.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுற ஆக்கள், பிறிஜ் நிண்டிட்டுது எண்டு மருந்தை எறியவும் வேண்டாம், ஊசியை நிப்பாட்டவும் வேண்டாம். பாவிச்சுக்கொண்டு இருக்கிற போத்தலை கனக்க வகையில 30 பாகைக்கு கீழ 4 கிழமை மட்டும் வெளியில வைக்கலாம், உங்கட பெட்டிக்குள்ள இருக்கிற துண்டில என்ன போட்டிருக்கு எண்டு வாசியுங்கோ. மண்சட்டிக்குள்ள ஈர மணல் போட்டு அதுக்குள்ள சின்னச் சட்டியில மருந்தை வைச்சு ஈரத்துணியால மூடினா கொஞ்சம் குளிர் நிக்கும். ஐஸ் கட்டிக்கு மேல நேர வைக்காதேங்கோ, உறைஞ்சா அந்த மருந்து பழுது.

மழை விட்டாப்பிறகுதான் வருத்தம் தொடங்கும். 2024 டிசம்பரில வடமராட்சிப் பக்கம் காய்ச்சல் வந்து ஆக்கள் செத்தவை, பிறகுதான் எலிக்காய்ச்சல் எண்டு கண்டுபிடிச்சவை. எலி மூத்திரம் வெள்ளத்தில கலந்து காலில இருக்கிற சின்னக் காயத்துக்கால உள்ளுக்குப் போறது. வயலுக்கு, வெள்ளத்துக்கு இறங்கிற ஆக்கள் பூற்ஸ் போடுங்கோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில டொக்சிசைக்கிளின் குளிசை குடுத்தா அவை சொன்னபடி எடுங்கோ. காய்ச்சல் வந்தா பரசிற்றமோல் மட்டும், டெங்குவாவும் இருக்கலாம் எண்டபடியா அஸ்பிரின், புறூபின் வேண்டாம், எங்க தண்ணிக்குள்ள நிண்டனீங்கள் எண்டதை டொக்டரிட்ட சொல்லுங்கோ. வயித்தோட்டத்துக்கு ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புத் தூள்) 4 பக்கற் வீட்டில இருக்கட்டும். பாம்பும் மேட்டைத் தேடி வீட்டுக்குத்தான் வரும், சப்பாத்தை உதறிப் போடுங்கோ, விறகை தடியால தட்டி எடுங்கோ. கடிச்சா வெட்டி உறிஞ்சுறது, இறுக்கிக் கட்டுறது ஒண்டும் வேண்டாம், அசையாமல் வைச்சு 1990க்கு அடியுங்கோ, இல்லாட்டி கிடைக்கிற வாகனத்தில பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு ஓடுங்கோ.

ஒரு கிழமைக்குள்ள வளவைச் சுத்தி சிரட்டை, ரயர், பீலிக்குள்ள தேங்கின தண்ணி எல்லாம் கொட்டிப்போடோணும், நுளம்பு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு அவ்வளவு நாள்தான் எடுக்குது. உடைஞ்ச ஓடு, விழுந்த மதில், செத்த ஆடு மாடு எல்லாத்தையும் துப்புரவாக்க முதலே போனில படம் எடுத்து விதானையாரிட்ட பதிஞ்சு விடுங்கோ, பிறகு சொன்னா ஆதாரம் இல்லை எண்டுவினம்.

நாங்கள் இப்ப கிணத்தடியில ஒரு இரும்புக் குழாய் நட்டு கப்பி பூட்டியாச்சு. மாசத்தில ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டரைப் போடாமல் மகனும் மகளும் அள்ளித்தான் குளிக்கினம், கயிறு இத்துப்போச்சோ எண்டும் அப்பவே தெரியும்.